புகைப்படத்தில் விழாத காடு

"கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" என்பது நம் வீடுகளில் பெரியோர் அடிக்கடி கூறும் பழமொழி. புகைப்படத்தைப் பொறுத்தவரை மட்டும் நாம் இப்பழமொழியை மறந்துவிடுகிறோம். "படமே இருக்கிறதே, பிறகென்ன சாட்சி வேண்டும்?" என்று கேட்கிறோம். புகைப்படக் கருவி தன் முன்னே உள்ளதைத்தான் பதிக்கும் என்பது உண்மையே. ஆனால் கருவியை எந்தத் திசையில் திருப்புவது, எதைப் படத்துக்குள் வைப்பது, எதை வெளியே விடுவது, எடுத்த படத்தை யாருக்குக் காட்டுவது என்பவற்றையெல்லாம் மனிதரே முடிவு செய்கின்றனர்.

ஆங்கிலேயர் நம் நாட்டை ஆண்ட காலத்தில் நம் மலைகளும் காடுகளும் நீர்நிலைகளும் பெரும் மாறுதலுக்கு உள்ளாயின. அதே காலத்தில்தான் புகைப்படக் கலையும் பிறந்து வளர்ந்தது. ஆகவே அம்மாறுதலுக்குப் புகைப்படம் சாட்சியாகவும் நின்றது. சில வேளைகளில் அதை மறைக்கும் திரையாகவும் அமைந்தது. பின்னர் வந்த திரைப்படமும் அவ்வாறே. இவ்விரண்டையும் எவ்வாறு படித்தறிவது என்பதை நம் தமிழ்நாட்டு எடுத்துக்காட்டுகள் சிலவற்றைக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சென்னை அரசின் புகைப்படக்காரர்

புகைப்படம் எடுக்கும் முறை 1839ஆம் ஆண்டு ஐரோப்பாவில் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. இருபது ஆண்டுகள் முடிவதற்குள் அக்கலை சென்னை மாகாணத்தில் வேரூன்றிவிட்டது. 1856இல் லின்னேயஸ் டிரைப் என்னும் படைத்தலைவரைச் சென்னை அரசு தன் புகைப்படக்காரராக நியமித்தது. அவர் 1857ஆம் ஆண்டின் இறுதியில் புறப்பட்டுத் திருவரங்கம், திருச்சிராப்பள்ளி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் முதலிய ஊர்களுக்குச் சென்று கோயில்களையும் கோட்டைகளையும் குன்றுகளையும் படம் எடுத்தார். மெழுகு பூசிய தாளில் படத்தைப் பதிக்கும் முறையை அவர் கையாண்டார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தைச் சுற்றியுள்ள கல்வெட்டை 21 படங்களாக எடுத்து, அவற்றை ஒட்டி ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே சுருளாக்கினார் என்றால் அவரது உழைப்பை என்னென்பது!

அரசு இதற்கு ஏன் பணம் செலவிட்டது? ஆள வேண்டிய நாட்டை முதலில் அறிய வேண்டும் அல்லவா? 1802இல் பரங்கிமலைக்கு அருகே தொடங்கிய பெரிய நில அளவைப் பணி எந்த நோக்கத்துக்காக நடந்ததோ, புகைப்படமும் ஏறத்தாழ அதே நோக்கத்துக்காகவே வந்தது. ஆனால் சில ஆண்டுகளிலேயே, ஆளுநராக வந்த சர் சார்லஸ் டிரெவெல்யன் இதை வீண் ஆடம்பரம் எனக் கருதிப் புகைப்பட அலுவலகத்தை மூடச் செய்தார்.

டிரைப் எடுத்த படங்களைக் காண்போருக்கு ஒரு வியப்பு ஏற்படும். அவற்றில் பலவற்றில் மனிதரே இல்லை. மதுரையும் தஞ்சையும் ஆளற்ற ஊர்கள் போலக் காட்சி அளிக்கின்றன. ஊர் காலியாக இருந்ததா? இல்லை. அக்காலத்தில் ஒரு படம் பதிய நெடுநேரம் பிடித்தது. கல்லும் மரமும் அசையாமல் நின்றதால் பதிந்தன. நடந்து சென்ற மனிதர் மங்கலாய்க் கரைந்து போயினர்.

இன்னொரு குறையும் அக்காலத் தகடுகளுக்கு இருந்தது. அவற்றுக்கு நீல நிற ஒளி மட்டுமே நன்கு புலப்படும். சிவப்பும் பச்சையும் சரியாகப் புலப்படா. ஆதலால் நீல வானம் வெள்ளைத்தாள் போல வெளுத்து விழும்; செம்மண் நிலமும் பசுமரமும் இருண்டு விழும். நம் ஆரணிப் பட்டில் சொல்வதானால், அரக்கு நிறச் சேலை கறுப்பாகவும், வான நீலச் சேலை ஏறக்குறைய வெள்ளையாகவும் பதிந்துவிடும்! மனிதர் இல்லாத, நிறம் மாறிய இப்படங்களைக் கடல் கடந்து பார்த்தவர்கள் இந்நாட்டைப் பற்றி என்ன எண்ணியிருப்பார்கள்? பயன்படுத்துவார் இன்றி விரிந்து கிடக்கும் நிலம் என்று எண்ணினாலும் வியப்பில்லை. கருவியின் குறை இவ்வாறு நாட்டைப் பற்றிய கருத்தாகவே மாறிவிடக் கூடும்.

இருப்பினும் டிரைப்பின் உழைப்பு வீணன்று. ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் நம் கோபுரங்களும் தெப்பக்குளங்களும் எந்நிலையில் இருந்தன என்பதை அறிய இன்று அப்படங்கள் பெரிதும் துணை செய்கின்றன.

தண்டவாளத்துக்கு அடியில் கிடந்த காடு

தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் சென்னை இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. அது நம் ஆற்காட்டுப் பகுதி என்பது நமக்குப் பெருமை தரும் செய்தி. அக்கால ரயில் நிலையங்கள், பாலங்கள், நீராவி எஞ்சின்கள் ஆகியவற்றின் படங்களை நாம் பாடநூல்களிலும் அருங்காட்சியகங்களிலும் காண்கிறோம். முன்னேற்றத்தின் சின்னமாகவே அவை காட்டப்படுகின்றன.

அப்படங்களில் தண்டவாளத்துக்குக் கீழே குறுக்காகக் கிடக்கும் கட்டைகளைக் கவனித்திருக்கிறீர்களா? ஒரு மைல் பாதைக்கு 1,760 முதல் 2,000 கட்டைகள் வரை வேண்டியிருந்தன. 1850களில் சென்னை மாகாணத்தில் மட்டும் இதற்காக ஆண்டுதோறும் 35,000 மரங்கள் வெட்டப்பட்டன என்று ஒன்பதாம் வகுப்புத் தேசியப் பாடநூல் கூறுகிறது. எஞ்சினில் எரிப்பதற்கும் விறகு வேண்டியிருந்தது. பாதை நீள நீள, அதன் இரு மருங்கிலும் இருந்த காடுகள் பின்வாங்கின. ரயிலின் படத்தில் அக்காடு இல்லை, கட்டையாகத்தான் இருக்கிறது.

காடு அழிவதை ஆங்கிலேயரிலேயே சிலர் கண்டு அஞ்சினர். 1856இல் சென்னை மாகாணத்தின் வனப் பாதுகாவலராக அமர்ந்த டாக்டர் ஹியூ கிளெகார்ன் மரங்களை வரைமுறையின்றி வெட்டுவதைத் தடுக்க முயன்றவர். அவர்கள் காட்டிய அக்கறையை நாம் மறுக்கலாகாது. ஆயினும் 1882ஆம் ஆண்டில் வந்த சென்னை வனச் சட்டம், காடுகளை அரசின் காப்புக்குள் கொண்டு வந்தபோது, தலைமுறை தலைமுறையாக அங்கே ஆடு மாடு மேய்த்தவர்களும் சுள்ளி பொறுக்கியவர்களும் அனுமதி கேட்டு நிற்க வேண்டியவர்களாயினர். காட்டை அதிகம் அழித்தது எவருடைய தேவை, கட்டுப்பாட்டுக்கு உள்ளானவர் எவர் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

உதகையின் அழகு யாருடைய அழகு?

பள்ளிச் சுற்றுலா என்றதும் நம் மாணவிகள் வாயில் முதலில் வரும் பெயர் ஊட்டி. ஏரியில் படகு, தாவரவியல் பூங்கா, மலை ரயில், வானளாவ நிற்கும் தைலமரங்கள்... இவற்றின் முன் நின்று படம் எடுத்துக் கொள்ளாதவர் இலர். இதுவே இயற்கை அழகு என்று எழுதியும் விடுகிறோம். சற்று விசாரித்துப் பார்ப்போமா?

உதகை ஏரி இயற்கையாக அமைந்ததன்று. கோயமுத்தூர் மாவட்ட ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவன் 1823 முதல் 1825 வரை ஓடைகளைத் தடுத்து அமைத்த ஏரி அது. தாவரவியல் பூங்கா 1848இல் மக்ஐவர் என்பவர் பொறுப்பில் உருவாகத் தொடங்கியது. ஆஸ்திரேலியாவிலிருந்து சீகை மரம் 1830களிலும், தைலமரம் 1843இலும் கொண்டுவரப்பட்டன. 1860 முதல் தென் அமெரிக்காவின் சின்கோனா பயிரிடப்பட்டது. மலை ரயில் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899இலும், உதகைக்கு 1908இலும் வந்து சேர்ந்தது.

அப்படியானால் அதற்கு முன் அங்கே என்ன இருந்தது? மடிப்பு மடிப்பான புல்வெளிகளும், அவற்றின் பள்ளங்களில் சோலைகள் எனப்படும் குட்டையான அடர்ந்த காடுகளும் இருந்தன. புல்வெளி மழை நீரைப் பஞ்சு போல உறிஞ்சி வைத்துக்கொள்ளும். சோலை அதைச் சிறுகச் சிறுக ஓடையில் விடும். பவானி முதலிய ஆறுகளுக்கு நீர் அப்படித்தான் வந்தது. தோடர்கள் அப்புல்வெளியில் எருமை மேய்த்தனர். படகர்கள் சாமை முதலிய தானியங்களை விளைவித்தனர். மரமில்லாத புல்வெளியைக் கண்ட வெள்ளை அதிகாரிகளுக்கோ அது வீணாய்க் கிடக்கும் நிலமாகத் தோன்றியது. சோலை மரங்கள் விறகுக்கும் வீட்டுக்கும் வெட்டப்பட்டுக் குறைந்தபோது, விரைவில் வளரும் அயல் மரங்களைக் கொண்டு புல்வெளியை நிரப்பினர்.

இந்த மாற்றத்தை அழகாக்கிக் காட்டியவர்களுள் சாமுவேல் போர்ன் குறிப்பிடத்தக்கவர். 1863 முதல் 1870 வரை இந்தியாவில் பணியாற்றிய புகழ்பெற்ற புகைப்படக்காரர் அவர். 1869ஆம் ஆண்டை ஒட்டி உதகையிலும் படங்கள் எடுத்தார். அவர் கையாண்டது ஈரத்தகடு முறை. கண்ணாடித் தகட்டில் மருந்தைப் பூசி, அது காய்வதற்குள் படம் எடுத்து, உடனே கழுவ வேண்டும். அதற்காகக் கண்ணாடிகள், மருந்துப் புட்டிகள், இருட்டுக் கூடாரம் ஆகிய அனைத்தையும் சுமையாட்கள் தலையிலும் தோளிலும் தூக்கிச் சென்றனர். போர்னின் உதகைப் படங்களில் ஏரியும் மரங்களும் வீடுகளும் இங்கிலாந்தின் கிராமப்புறத்தை நினைவூட்டும் வகையில் அமைந்திருக்கின்றன. தாய்நாட்டை விட்டுப் பிரிந்து வந்தவர்கள் அவற்றை விரும்பி வாங்கினர். சுமந்து சென்றவர்கள் பெயர் நமக்குத் தெரியாது.

அந்தக் கண்ணாடியைத்தான் பின்னாளில் நம் திரைப்படங்களும் அணிந்து கொண்டன எனலாம். நம் பாடல் காட்சிகளில் எத்தனை முறை தைலமரத் தோப்பும் பைன் காடும் தேயிலைச் சரிவும் வந்திருக்கின்றன! பாலுமகேந்திரா 1982இல் அளித்த 'மூன்றாம் பிறை' உதகையையும் கேத்தி ரயில் நிலையத்தையும் தமிழர் மனத்தில் நிறுத்திய அருமையான படம். அதன் ஒளிப்பதிவு தேசிய விருது பெற்றது. அதன் கலைச் சிறப்பைப் போற்றும் வேளையில், அக்காட்சிகளின் பின்னணியில் நிற்கும் மரங்களுள் பல அயல் நாட்டிலிருந்து வந்தவை என்பதையும் நாம் அறிந்திருத்தல் நலம்.

பழியெல்லாம் ஆங்கிலேயருக்கே என்று கூறுவதும் நீதியாகாது. சின்கோனாப் பட்டையிலிருந்து எடுத்த கொயினா, மலேரியாக் காய்ச்சலிலிருந்து பலரைக் காத்தது. மேலும், நாடு விடுதலை பெற்ற பின்னரும் ஆலைகளின் மூலப்பொருளுக்காகச் சீகையும் தைலமரமும் இன்னும் பரந்த புல்வெளிகளில் நடப்பட்டன. தொடங்கி வைத்தவர் அவர், தொடர்ந்தவர் நாம். இன்று அவற்றை அகற்றிப் புல்வெளியையும் சோலையையும் மீட்கும் பணி நீலகிரியில் நடந்து வருகிறது.

தாது வருஷப் பஞ்சம்

தாது வருஷம் என்ற சொல் நம் பாட்டிமார் காதில் விழுந்திருக்கும். 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை வாட்டிய பெரும் பஞ்சத்தின் பெயர் அது. மழை பொய்த்தது, ஏரிகள் வறண்டன. அன்றைய வடஆற்காடு மாவட்டமும் அதன் கொடுமைக்குத் தப்பவில்லை. பஞ்சத்தாலும் அதைத் தொடர்ந்த நோயாலும் இறந்தோர் 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர் என்பது பொதுவான கணிப்பு.

வில்லோபி வாலஸ் ஹூப்பர் என்ற சென்னைப் படை அதிகாரி அப்போது பட்டினியால் வாடிய மக்களைப் படம் எடுத்தார். எலும்பும் தோலுமான ஆண்களும் பெண்களும் குழந்தைகளும் வரிசையாக உட்கார்த்தி வைக்கப்பட்டுக் கருவியை நோக்குகின்றனர். பார்ப்பவர் நெஞ்சம் நடுங்கும் படங்கள் அவை. அவற்றின் வாயிலாகவே பஞ்சத்தின் கொடுமை பலருக்குத் தெரிந்தது என்பதும் உண்மை. ஆனால் அப்படங்கள் சொல்லாதவை பல. அங்கிருந்தோருக்குப் பின்னர் உணவு கிடைத்ததா? அவர்கள் எந்த ஊரார்? அவர்கள் பெயர் என்ன? விடையில்லை. இதே ஹூப்பர் 1886இல் பர்மாவின் மாந்தளையில், மரண தண்டனை நிறைவேற்றப்படும் தருணத்தைப் படம் எடுக்க முயன்றதற்காக விசாரணைக்கு உள்ளானார்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். உடல்களைக் காட்டும் அப்படங்கள் காரணத்தைக் காட்டவில்லை. மழை பொய்த்தது இயற்கை. ஆனால் மக்கள் பசித்திருந்த அதே காலத்தில் நாட்டிலிருந்து தானியம் கப்பலேறிக் கொண்டுதான் இருந்தது. நிவாரண வேலையில் கல்லுடைத்த ஓர் ஆணுக்கு, சர் ரிச்சர்டு டெம்பிளின் பரிந்துரைப்படி, நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும், அதாவது அரைக் கிலோவுக்கும் குறைவான தானியமும், ஓரணாக் காசும்தான் கூலியாகக் கிடைத்தன. சென்னையில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் கால்வாய்ப் பகுதி இப்பஞ்ச காலத்தில் வெட்டப்பட்டது. அன்றைய ஆளுநர் பக்கிங்காம் பிரபுவின் பெயரையே அக்கால்வாய் தாங்கி நிற்கிறது. வெட்டியவர்களின் பெயர் எங்கும் இல்லை.

இப்பஞ்ச காலத்தின் நினைவுச் சின்னம் ஒன்று நம் ஏரிக்கரையிலேயே நிற்கிறது. அதுதான் வேலிகாத்தான் என்றும் சீமைக் கருவேல் என்றும் நாம் அழைக்கும் முள்மரம். வறண்ட நிலங்களில் வளர்ப்பதற்காகச் சென்னை மாகாண வனத்துறை அதிகாரி பெடோம் அதன் விதைகளை வேண்டினார். 1877இல் கடப்பைப் பகுதியில் அது முதன்முதலில் விதைக்கப்பட்டது. காடு குறைந்து விறகுக்குத் தட்டுப்பாடு நேர்ந்த வேளையில் அது வரமாகவே தோன்றியது. ஏழை மக்களின் அடுப்பு அதனால் எரிந்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அது ஏரிக்குள்ளும் கால்வாய்க்குள்ளும் இறங்கி மற்றச் செடிகளை வளர விடாமல் செய்தபோது, சென்னை உயர்நீதிமன்றமே தலையிட்டு அதை அகற்றுமாறு ஆணையிட நேர்ந்தது. கருவேல் அடர்ந்த ஏரியின் படத்தை இன்று எடுப்பவர், தம்மை அறியாமலே 1877ஆம் ஆண்டின் கதையையும் சேர்த்தே எடுக்கிறார்.

கடலுக்கு அப்பால்

பஞ்சத்துக்குத் தப்பி இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்ற தமிழர் பல்லாயிரவர். அதே ஆண்டுகளில் அங்கே ஓர் உலகப் புகழ் பெற்ற புகைப்படக் கலைஞர் வாழ்ந்தார். அவர் ஒரு பெண்மணி என்பதில் நாம் மகிழலாம். கல்கத்தாவில் 1815இல் பிறந்த ஜூலியா மார்கரெட் கேமரன், தம் 48ஆம் வயதில் பரிசாகக் கிடைத்த கருவியைக் கொண்டு இக்கலையைக் கற்றார். டென்னிசன், டார்வின் போன்ற பேரறிஞர்களைப் படம் எடுத்துப் புகழ் பெற்றார். 1875இல் கணவருடன் இலங்கைக்கு வந்து, 1879இல் அங்கேயே மறைந்தார். அவர் கணவருக்குக் காப்பித் தோட்டங்கள் இருந்தன.

இலங்கையில் அவர் எடுத்தவற்றுள் நமக்குக் கிடைத்திருப்பவை முப்பதுக்கும் குறைவு. அவற்றில் தமிழ்த் தொழிலாளரும் இளம் பெண்களும் இடம்பெறுகின்றனர். அவர்களைச் சிறுமைப்படுத்தாமல், கண்ணியத்தோடு நிறுத்தி எடுத்திருக்கிறார். எனினும் ஒரு வேற்றுமை கண்ணில் படுகிறது. இங்கிலாந்தில் அவர் எடுத்த பெரியோர் படங்களுக்கு அவரவர் பெயரே தலைப்பு. இலங்கைப் படங்களில் இருப்போர் பெரும்பாலும் பெயரற்றவர்கள்.

அவர்களைச் சூழ்ந்திருந்த மலையும் மாறிக்கொண்டிருந்தது. காட்டை அழித்து மலை முழுவதும் காப்பி என்னும் ஒரே பயிரை நட்டனர். 1869இல் இலைத்துரு நோய் தோன்றியது. இடையில் தடுக்க வேறு மரம் இல்லாததால் அந்நோய் தோட்டம் விட்டுத் தோட்டம் எளிதாகத் தாவிச் சில ஆண்டுகளில் காப்பியை அழித்தது. அவ்விடத்தில் தேயிலை ஏறியது. காடு திரும்பவில்லை.

1934இல் பேசில் ரைட் இயக்கிய 'சாங் ஆஃப் சிலோன்' என்னும் ஆவணப்படம் இத்தீவைப் பற்றியது. இலங்கைத் தேயிலையை விளம்பரப்படுத்தும் வாரியம் இதற்குப் பணம் கொடுத்தது. இயக்குநரோ விளம்பரத்தைத் தாண்டிச் சென்றார். படத்தின் மூன்றாம் பகுதியில் யானை மரத்தை முட்டித் தள்ளும் காட்சி வரும்போது, பின்னணியில் வணிகரின் விலை நிலவரக் குரல்கள் கேட்கின்றன. காட்டின் வீழ்ச்சியையும் சந்தையின் விலையையும் ஒரே நொடியில் காணவும் கேட்கவும் செய்தது அப்படம். புகைப்படத்தால் செய்ய முடியாததைத் திரைப்படம் செய்யும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. ஆயினும் அம்மலைகளில் கொழுந்து பறித்த தமிழரின் லயன் வாழ்க்கையை அப்படம் விரித்துக் காட்டவில்லை.

அந்தத் தொழிலாளரின் வழித்தோன்றல்கள் பலர் 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி தாயகம் திரும்பினர். அவர்களுக்கு வேலை அளிக்கும் பொருட்டு 1968இல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டம் தொடங்கப்பட்டது. அதற்காகவும் வனநிலமே திருத்தப்பட்டது. ஒரு மலையில் தொடங்கிய துன்பம் இன்னொரு மலையில் வந்து முடிந்ததைக் காண்கிறோம்.

'பரதேசி' காட்டிய மலை

தமிழ்த் திரைப்படங்களுள் இப்பொருளை நேராக எடுத்துக் கொண்டது பாலா இயக்கி 2013இல் வெளிவந்த 'பரதேசி'. இது பி. எச். டேனியல் என்னும் மருத்துவர் 1969இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட 'ரெட் டீ' என்ற நாவலைத் தழுவியது. டேனியல் வால்பாறைப் பகுதித் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றியவர். தொழிலாளரின் நிலையைக் கண்ணால் கண்டவர். அந்நாவலை இரா. முருகவேள் 'எரியும் பனிக்காடு' என்று தமிழில் தந்துள்ளார்.

கதை எளியது. வறண்ட ஊரில் வாழும் மக்களிடம் கங்காணி வந்து ஆசை வார்த்தை பேசி, முன்பணம் கொடுத்து, மலைக்கு அழைத்துச் செல்கிறான். அங்கே குளிரும் நோயும் காத்திருக்கின்றன. ஆண்டு இறுதியில் கணக்குப் பார்த்தால் கடன்தான் மிஞ்சுகிறது. கடன் தீராமல் ஊர் திரும்ப முடியாது. செழியனின் ஒளிப்பதிவில் மலை பச்சையாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்பச்சையைக் கண்டு நாம் மகிழ முடிவதில்லை. வேறு படங்களில் பாடலுக்குப் பின்னணியாக வந்த அதே தேயிலைச் சரிவு, இதில் மதிலில்லாச் சிறையாகத் தெரிகிறது. தொழிலாளரின் கந்தலாடைகளை உருவாக்கிய பூர்ணிமா ராமசாமிக்கு ஆடை வடிவமைப்புக்கான தேசிய விருது கிடைத்தது. துணியின் அருமை அறிந்த நம் ஊரார் அந்த ஆடைகளைக் கவனித்துப் பார்க்கலாம்.

இப்படத்தையும் விசாரித்தே ஏற்க வேண்டும். நாவலில் தொழிலாளருக்காகப் பரிந்து நிற்கும் மருத்துவர், படத்தில் மதம் மாற்றுவதையே கருத்தாகக் கொண்டவராகக் காட்டப்பட்டுள்ளார். இம்மாற்றம் நூலாசிரியருக்கு நியாயம் செய்யவில்லை என்று விமரிசனம் எழுந்தது. நூலைப் படித்துவிட்டுப் படத்தைப் பார்ப்பவர் இதைத் தாமே எடைபோடலாம்.

ஆனைமலையின் மழைக்காடு அன்று தேயிலைக்காகத் துண்டு துண்டாக்கப்பட்டது. சோலைமந்தி எனப்படும் சிங்கவால் குரங்கும், இருவாசிப் பறவையும் இன்று அத்துண்டுகளில் வாழ்கின்றன. அத்துண்டுகளில் மீண்டும் நாட்டு மரங்களை நட்டு வளர்க்கும் முயற்சியும் வால்பாறையில் நடந்து வருகிறது.

நாம் செய்யத்தக்கவை

மாணவிகளே! மேற்கூறிய எடுத்துக்காட்டுகளிலிருந்து, எந்தப் படத்தைக் கண்டாலும் கேட்க வேண்டிய மூன்று கேள்விகளைத் தொகுத்துக் கொள்ளலாம்.

ஒன்று: இப்படத்தை எடுத்தவர் யார்? யாருக்காக எடுத்தார்? அரசுக்காக எடுத்த டிரைப்பின் படமும், விற்பனைக்காக எடுத்த போர்னின் படமும், தேயிலை வாரியத்தின் பணத்தில் எடுத்த படமும் ஒன்றாகா.

இரண்டு: படத்தின் ஓரத்துக்கு வெளியே என்ன இருக்கிறது? ரயிலுக்கு வெளியே வெட்டுண்ட காடு. பஞ்சப் படத்துக்கு வெளியே கப்பலேறிய தானியம். உதகை ஏரிக்கு வெளியே மறைந்த புல்வெளி.

மூன்று: படத்தில் உள்ளவரின் பெயர் என்ன? பெயர் தெரியாவிடில், ஏன் தெரியவில்லை?

மூன்றாம் கேள்வி நமக்கு மிக நெருங்கியது. ஆரணிப் பட்டு விளம்பரங்களில் சேலையும் நகையும் ஒளி வீசுகின்றன. அவற்றைத் தறியில் நெய்தவர், பாவு ஓட்டியவர், சாயம் தோய்த்தவர் ஆகியோரின் பெயரை எந்த விளம்பரத்திலாவது கண்டதுண்டா? நம் சேவூரில் பல வீடுகளில் அப்பெயருக்கு உரியவர் நம் தந்தையோ தாயோ அல்லவா? மலையில் கொழுந்து பறித்த தாய்க்கு நேர்ந்ததே, தறியில் அமர்ந்த தாய்க்கும் நேர்கிறது.

இதை மாற்றப் பெரும் பொருள் வேண்டுவதில்லை. முன்பு ஒரு படம் எடுக்கப் பத்துப் பேர் சுமந்து செல்ல வேண்டியிருந்த கருவி, இன்று வீட்டுக்கு வீடு கைப்பேசியில் இருக்கிறது. விடுமுறையில் ஒரு பணியை மேற்கொள்ளுங்கள். உங்கள் ஊர் ஏரியையோ கமண்டல நாகநதியையோ ஏதேனும் ஓரிடத்தில் நின்று படம் எடுங்கள். அதே இடத்தில், அதே திசையில், தை மாதத்தில் ஒன்றும் ஆடி மாதத்தில் ஒன்றுமாக ஆண்டுதோறும் எடுத்து வாருங்கள். நாளையும் இடத்தையும் குறித்து வையுங்கள். நிலம் மாறுவதை அறிவியலார் அறிவதும் இம்முறையால்தான். வீட்டில் தறியில் அமர்ந்திருப்போரைப் படம் எடுக்கும்போது, அவர் இசைவைப் பெற்று, அவர் பெயரையும் நெய்யும் சேலையின் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். தாத்தா பாட்டியிடம் உள்ள பழைய படங்களைக் காட்டச் சொல்லி, அதில் நிற்பவர் யார், பின்னால் தெரியும் மரம் என்ன, அம்மரம் இன்றும் உள்ளதா என்று கேட்டுப் படத்தின் பின்புறம் பென்சிலால் குறித்து வையுங்கள். கேட்டுச் சொல்ல அவர்கள் இருக்கும்போதே இதைச் செய்ய வேண்டும்.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளைகள் கைப்பேசியை எடுத்தாலே கடிந்து கொள்கிறோம். அதே கருவியால் ஊரின் வரலாற்றைக் காக்கவும் முடியும் என்று அவர்களுக்கு வழிகாட்டினால், நாளை நம் ஏரிகளையும் தறிகளையும் பற்றி எழுத வருவோர் அயலார் எடுத்த படங்களை மட்டுமே நம்பியிருக்க வேண்டிய நிலை ஏற்படாது. நம் ஊரின் படங்களை நாமே, பெயரோடும் நாளோடும் எடுத்து வைப்போமாக.